அமெரிக்கக் கல்லூரி மகளிர் டென்னிஸ் தலைமைப் பயிற்சியாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் மகளிர் டென்னிஸில் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவரின் பணி எத்தகையது, அந்தப் பதவிக்கு எப்படி வருகிறார்கள், அதில் எப்படி நிலைக்கிறார்கள் என்பவை பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பெரும்பாலான விடைகள் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்று போட்டிப் பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவைச் சார்ந்தவை. எடுத்துக்காட்டாக அதிகம் பேசப்படுபவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மகளிர் அணியைப் பல்லாண்டுகள் வழிநடத்திய லேலே ஃபரூட்.

தொழில்முறை வீராங்கனையின் பயிற்சியாளருக்கும் கல்லூரித் தலைமைப் பயிற்சியாளருக்கும் என்ன வேறுபாடு?

தொழில்முறைப் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருபவர் வீராங்கனை. பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே அவரை மாற்றிவிடலாம். கல்லூரியில் பயிற்சியாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். எட்டு முதல் பத்து மாணவியரைத் தேர்ந்தெடுப்பது, உதவித்தொகையை ஒதுக்குவது, ஆண்டு முழுவதற்குமான போட்டி அட்டவணையை வகுப்பது, பயணச் செலவைக் கணக்குப் பார்ப்பது, மாணவியரின் தேர்ச்சி நிலையைக் கவனிப்பது, முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்பது என எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. பந்தை அடிக்கக் கற்றுக்கொடுப்பது இவற்றில் ஒரு பகுதி மட்டுமே. சேரும்போதே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்தான் முதல் பிரிவுக்கு வருகிறார்கள் என்பதால், அடிப்படை நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை பல அணிகளில் குறைவு. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்த பெண்ணை நான்கு ஆண்டுகள் நிலைகுலையாமல் வளர்த்தெடுப்பதே பெரிய வேலை.

கல்லூரி ஆட்டத்தில் புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

இது தெரியாவிட்டால் மற்ற விடைகள் புரியாது. இரு அணிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் மூன்று மைதானங்களில் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றும் ஆறு கேம்கள் கொண்ட ஒரே செட். 6-6 என்றால் டை பிரேக் எனப்படும் முடிவு கேம். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. அதன்பின் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், மூன்று செட் முறையில். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக மொத்தம் ஏழு. முதலில் நான்கை எட்டும் அணி வென்றது. நான்காம் புள்ளி கிடைத்ததும் மற்ற மைதானங்களில் நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்கள் வழக்கமாக அப்படியே நிறுத்தப்படும். ஒரு கேமுக்குள் டியூஸ் எனப்படும் 40-40 சமநிலை வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை தேவையில்லை. அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், அதை எந்தப் பக்கத்திலிருந்து எதிர்கொள்வது என்பதைப் பந்தைத் திருப்புபவரே தீர்மானிப்பார்.

இதன் விளைவு என்னவென்றால், முதல் மைதானத்தில் ஆடும் நட்சத்திர வீராங்கனையின் வெற்றிக்கும் ஆறாவது மைதானத்தில் ஆடும், வெளியே யாரும் பெயர் கேட்டிராத மாணவியின் வெற்றிக்கும் ஒரே மதிப்பு. கல்லூரிப் பயிற்சியாளரின் தொழில் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் தலைசிறந்த ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்ப்பதால் ஒரு புள்ளி கிடைக்கும். இரட்டையரிலும் அவள் கைகொடுத்தால் ஒன்றரைப் புள்ளி என்று சொல்லலாம். நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களில் ஆடுபவர்களை இரண்டாண்டில் தேற்றி எடுப்பதால் மூன்று புள்ளிகள் கிடைக்கும்.

ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

தொழில்முறை டென்னிஸில் ஆட்டத்தின் நடுவே ஆலோசனை சொல்வது நெடுங்காலம் தடை செய்யப்பட்டிருந்தது. சமீப ஆண்டுகளில்தான் அது தளர்ந்தது. கல்லூரியில் பயிற்சியாளர் மைதானத்துக்குள்ளேயே நிற்கலாம். ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒரு சொல் சொல்லலாம், பக்கம் மாறும்போது அருகில் உட்கார்ந்து பேசலாம். ஆனால் ஆறு மைதானங்களில் ஆறு பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்; பயிற்சியாளர்களோ இரண்டு அல்லது மூன்று பேர்தான்.

ஆகவே அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு, எங்கே போய் நிற்பது என்பதுதான். இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். அணிகள் 2-2 என்று இருக்கின்றன. இரண்டாம் மைதானத்தில் அனுபவமிக்க நான்காம் ஆண்டு மாணவி முதல் செட்டை வென்று இரண்டாவதில் பின்தங்கியிருக்கிறாள். நான்காம் மைதானத்தில் மூன்றாவது செட் இப்போதுதான் தொடங்குகிறது. ஆறாம் மைதானத்தில் முதலாண்டு மாணவி மூன்றாவது செட்டில் 4-3 முன்னிலையில் இருக்கிறாள். ஆனால் இரண்டு முறை சர்வ் தவறியதும் தோள்கள் தொங்கிவிட்டன, பந்தைத் தரையில் தட்டும் வேகம் கூடிவிட்டது. தொலைக்காட்சிக் கேமராவும் பார்வையாளர்களும் இரண்டாம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல பயிற்சியாளர் ஆறாம் மைதானத்துக்குப் போவார். அங்கே நீண்ட அறிவுரை சொல்லமாட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, "அடுத்த சர்வை அவள் உடம்பைப் பார்த்துப் போடு" என்று ஒரே ஒரு வேலையைக் கொடுப்பார். அவ்வளவுதான். அந்த மாணவிக்கு எது போதும், எது அதிகம் என்பதை முந்தைய செப்டம்பர் முதல் நடந்த பயிற்சிகளில் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைப் பெரும்பாலும் வீராங்கனைகளே அறிவிப்பார்கள். தவறு தெரிந்தால் நடுவர் திருத்துவார். மிக நெருக்கடியான நேரத்திலும் தன் மாணவி நேர்மையாக அறிவிக்கிறாளா என்பது பயிற்சியாளரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் விஷயம். எதிரணிப் பயிற்சியாளர்கள் இதைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வீராங்கனைகளை எந்த வரிசையில் இறக்குவது என்பது பயிற்சியாளரின் விருப்பமா?

முழுக்க விருப்பம் அல்ல. திறமையின் வரிசையில்தான் இறக்க வேண்டும் என்பது விதி. வலுவானவரை வேண்டுமென்றே கீழே இறக்கி எளிய புள்ளி தேடுவது விதிமீறல். ஆனால் மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உரியவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் மயிரிழைதான். அந்த இடத்தில்தான் பயிற்சியாளரின் தீர்ப்பு வேலை செய்கிறது, மனத்தாங்கல்களும் அங்கேதான் பிறக்கின்றன. பயிற்சி ஆட்டங்களில் வென்றும் கீழ் இடத்தில் நிறுத்தப்பட்ட மாணவிக்கு, பட்டியல் அறிவிப்புப் பலகையில் வருவதற்கு முன்பே நேரில் உட்காரவைத்துக் காரணம் சொல்பவரே அணியைக் கட்டிக்காக்கிறார்.

தலைமைப் பயிற்சியாளராக எப்படி வருகிறார்கள்?

பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர் என்ற வாசல் வழியாகத்தான். கல்லூரி அணியில் ஆடியிருப்பது எழுதப்படாத தகுதி. பட்டப்படிப்பு கிட்டத்தட்ட எல்லாப் பல்கலைக்கழகங்களும் கேட்பது. அதன்பின் ஏதாவது ஓர் அணியில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்து, பந்துக் கூடையைத் தூக்குவது முதல் விமானச் சீட்டு பதிவுசெய்வது வரை எல்லாவற்றையும் செய்து, ஆள் சேர்க்கும் கலையைக் கற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டும். முன்பு சம்பளமே இல்லாத தன்னார்வப் பயிற்சியாளர் என்றொரு நிலை இருந்தது. 2023-இல் அதை என்.சி.ஏ.ஏ. நீக்கியது. வசதியான குடும்பத்தில் பிறந்தவர்களால் மட்டுமே அந்த நிலையில் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிக்க முடிந்தது என்பதால், அது நீக்கப்பட்டது நல்ல முடிவு.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அங்கே மாணவராக ஆடிய ஜெஃப் வாலஸ் 1980-களின் நடுவில் மகளிர் அணியின் பொறுப்பை ஏற்று, 1994-லும் 2000-லும் தேசியப் பட்டம் வென்று, 2023-இல்தான் ஓய்வு பெற்றார். அவரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த டிரேக் பெர்ன்ஸ்டீன் அதே ஆண்டு தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2024 இறுதியாட்டத்தில் ஜார்ஜியா டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியிடம் தோற்றது. 2025-இல் அதே எதிரணியை 4-0 என்று வென்று பட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பெர்ன்ஸ்டீன் பொறுப்பேற்றபோது அந்த மாணவியரையும் அந்த வளாகத்தையும் ஏற்கெனவே நன்கு அறிந்தவராக இருந்தார்.

யு.சி.எல்.ஏ. எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணியின் ஸ்டெல்லா சாம்ப்ராஸ் வெப்ஸ்டரும் அதே பல்கலைக்கழகத்தில் ஆடி, இரட்டையர் தேசியப் பட்டம் வென்று, பிறகு அங்கேயே பயிற்சியாளரானவர். முன்னாள் உலக முதல்நிலை டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸின் அக்கா என்றே பலரும் அவரை அறிமுகப்படுத்துவார்கள். அவர் தலைமையில் அந்த அணி 2008-லும் 2014-லும் தேசியப் பட்டம் வென்றது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லேலே ஃபரூட்டின் பணி வாழ்க்கை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1970-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் ஆடியவர் அவர். பிறகு தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். 1980-களின் பிற்பகுதியில் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். அப்போது தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பிரென்னன். என்.சி.ஏ.ஏ. மகளிர் டென்னிஸுக்குத் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கிய 1982-இலேயே முதல் பட்டத்தை வென்றவர். 1986 முதல் 1991 வரை தொடர்ச்சியாக ஆறு பட்டங்களை வென்றவர். மொத்தம் பத்துப் பட்டங்கள். இப்படிப்பட்ட ஒருவரின் நிழலில் பத்தாண்டுக்கும் மேல் இரண்டாம் இடத்தில் இருப்பது எளிதல்ல. வேறு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பு தேடிப்போவதே பலரும் செய்வது.

பிரென்னன் 2000-இல் ஓய்வு பெற்றதும் ஃபரூட் பொறுப்பேற்றார். முதல் பருவமான 2001-இலேயே பட்டம். 2002, 2004, 2005, 2006, 2010, 2013, 2016, 2018, 2019 என்று அதுவும் பத்தாக உயர்ந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்து வந்த இரு தலைமைப் பயிற்சியாளர்கள் ஆளுக்குப் பத்துத் தேசியப் பட்டங்கள் வென்றது மகளிர் டென்னிஸில் வேறெங்கும் நடக்கவில்லை.

எண்ணிக்கையைவிட, அவை வந்த விதம்தான் அவர் தொழிலைப் புரியவைக்கிறது. 2000-களின் முற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு எல்லோரும் எதிர்பார்த்தபடி வென்றது. 2013 முதல் பெரும்பாலும் அப்படி இல்லை. 2013-இல் போட்டித் தரவரிசையில் 12-ஆம் இடத்தில் இருந்த அணி, டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியை இறுதியில் 4-3 என்று வென்றது. 2016-இல் 15-ஆம் இடத்திலிருந்து வந்து, டல்சா நகரில், உள்ளூர் ஆதரவு நிறைந்த ஓக்லஹோமா ஸ்டேட் அணியை 4-3. 2018-இல் மறுபடியும் 15-ஆம் இடத்திலிருந்து வந்து வாண்டர்பில்ட்டை 4-3. மூன்று இறுதியாட்டங்களிலும் ஆறு புள்ளிகள் சமமாகப் பங்கிடப்பட்டு, கடைசியாக மிச்சமிருந்த ஒரே மைதானத்தில் பட்டம் முடிவாயிற்று. 2010 இறுதியும் இப்படித்தான்: ஃபுளோரிடாவுக்கு எதிராக 3-3 என்ற நிலையில் முதலாண்டு மாணவி மெல்லரி பர்டெட் கடைசிப் புள்ளியை வென்று கொடுத்தார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். ஜனவரியில் தோற்றுக்கொண்டிருந்த அணி மே மாதத்தில் யாரையும் வெல்லும் நிலைக்கு வருவது பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நடந்தால், அங்கே பருவத்தைத் திட்டமிடும் ஒரு கை இருக்கிறது என்றுதான் பொருள். தொடக்கத்தில் வலுவான அணிகளோடு மோதவிட்டு, தோல்வியால் தரவரிசை சரிவதைப் பொருட்படுத்தாமல், காயங்கள் ஆறக் காத்திருந்து, மே மாதத்துக்கென்று அணியைத் தயார்செய்வது ஒரு பயிற்சியாளர் தன் நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் பொறுமையைக் கேட்டு வாங்கினால்தான் முடியும். ஏற்கெனவே பட்டங்கள் வென்றிருந்ததால் அந்தப் பொறுமை அவருக்குக் கிடைத்தது என்பதும் உண்மை. புதிதாக வந்தவருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அவரோடு நீண்டகாலம் துணைத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், ஃபிராங்க் பிரென்னனின் மகன் ஃபிராங்கி பிரென்னன்.

மாணவியரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தலைமைப் பயிற்சியாளரின் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. இளையோர் உலகத் தரவரிசை, யு.டி.ஆர். என்னும் ஆட்டத்திறன் மதிப்பெண், ஆட்டக் காணொளி ஆகியவற்றைப் பார்த்து நீண்ட பட்டியல் ஒன்று தயாராகும். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் மாணவியிடம் நேரடியாகப் பேச முடியும். அதிகாரபூர்வமாக வளாகத்துக்கு அழைப்பது அதற்கடுத்த ஆகஸ்ட் 1 முதல். முதல் பிரிவில் ஆடுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர் என்பதால், கலிஃபோர்னியாவில் இருக்கும் பயிற்சியாளர் ஐரோப்பியக் குடும்பம் ஒன்றோடு பேச விடியற்காலையில் எழ வேண்டியிருக்கும்.

காணொளியில் முன்கை வீச்சு தெரியும். தோற்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பது தெரியாது. அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இளையோர் போட்டிக்கு நேரில் போகும்போது, பிடித்த மாணவி வெல்லும் ஆட்டத்தைவிடத் தோற்கும் ஆட்டத்தையே பார்க்க விரும்புவார்கள். தோற்ற பின் பெற்றோரிடம் எப்படிப் பேசுகிறாள், இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி தவறு செய்தால் திரும்பிப் பார்க்கிறாளா, கையைத் தட்டிக்கொடுக்கிறாளா என்று கவனிப்பார்கள். தனியாளாகவே வளர்ந்த ஒரு பெண்ணை, மற்ற ஐந்து பேர் ஆடும்போது உரக்கக் குரல் கொடுத்து ஊக்கப்படுத்தும் அணிக்குள் கொண்டுவருகிறோம் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

உதவித்தொகை எப்படி வழங்கப்படுகிறது? 2025 மாற்றம் என்ன?

நெடுங்காலமாக முதல் பிரிவு மகளிர் அணிக்கு எட்டு முழு உதவித்தொகைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆடவர் அணிக்கு நான்கரை மட்டுமே. அதைப் பலருக்குப் பங்கிடலாம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டு சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு மகளிர் விளையாட்டுகளுக்குத் தந்த வலிமை இந்த வேறுபாட்டின் பின்னே இருக்கிறது.

கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராகத் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற சமரச உடன்பாடு இதை மாற்றிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உதவித்தொகைக்கு உச்சவரம்பு இல்லை. அணியின் ஆள் எண்ணிக்கைக்கே வரம்பு. டென்னிஸுக்கு அது பத்து. ஒரு பயிற்சியாளர் பத்துப் பேருக்கும் முழு உதவி தரலாம், பணம் இருந்தால். அந்த நிபந்தனைதான் முக்கியம். பல்கலைக்கழகங்கள் இப்போது வீரர்களோடு வருமானத்தை நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம், அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. அதனால் டென்னிஸ் பயிற்சியாளர்கள் தங்கள் அணிக்கென்று தனியாக நன்கொடையாளர்களைத் தேட வேண்டிய நெருக்கடி அதிகமாகியிருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்து, உழைத்து முன்னுக்கு வந்த மாணவியருக்கு இனி இடம் குறைவு என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

மாணவியர் அணி மாறுவது பயிற்சியாளரை எப்படிப் பாதிக்கிறது?

முன்பெல்லாம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது சிக்கலானது. ஆனாலும் நடந்தது: முதலாண்டை ஃபுளோரிடாவில் படித்த டேனியல் காலின்ஸ், வர்ஜீனியாவுக்கு மாறிய பிறகுதான் 2014-லும் 2016-லும் ஒற்றையர் தேசியப் பட்டம் வென்றார். 2018 அக்டோபரில் மாற்றத்துக்கான இணையப் பதிவேடு வந்தது. இப்போது படிப்பில் தேர்ச்சி இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறினாலும் உடனே ஆடலாம்.

இதனால் நான்கு ஆண்டுத் திட்டம் என்பதையே பயிற்சியாளர் மறந்துவிட வேண்டுமா? அப்படி நினைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அனுபவமுள்ள நான்கைந்து பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து உடனடி வெற்றி தேடுகிறார்கள். அது பலன் தருவதும் உண்டு. ஆனால் ஆறாம் இடத்தில் தொடங்கி இரண்டாம் இடத்துக்கு உயரும் மாணவி, தன் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வருவதைப் பார்த்தால் அவளும் வெளியேறிவிடுவாள். யாரைக் கொண்டுவரக் கூடாது என்று முடிவெடுப்பதும் இப்போது தலைமைப் பயிற்சியாளரின் முக்கியமான வேலையாகிவிட்டது.

பயிற்சிக்கு எவ்வளவு நேரம் அனுமதி?

பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. பருவம் அல்லாத காலத்தில் வாரத்துக்கு 8 மணி நேரம். மாணவி தானே விரும்பி மைதானத்துக்கு வந்து ஆடுவது இந்தக் கணக்கில் சேராது.

ஓராண்டு எப்படிப் போகிறது?

இலையுதிர் காலம் தனிநபர் போட்டிகளுக்கு உரியது. கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. நடத்தும் மண்டலப் போட்டிகளும் தேசியப் போட்டிகளும் அப்போது வரும். என்.சி.ஏ.ஏ.-யின் ஒற்றையர், இரட்டையர் தேசியப் போட்டிகளும் 2024-இல் நவம்பர் மாதத்துக்கு மாற்றப்பட்டன. ஜனவரியில் அணிப் போட்டிகள் தொடங்கும். பிப்ரவரியில் உள்ளரங்கத் தேசியப் போட்டி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாநாடு எனப்படும் வட்டாரக் கூட்டமைப்புகளுக்குள் மோதல்கள். மே மாதத்தில் 64 அணிகள் பங்கேற்கும் தேசிய அணிப் போட்டி.

ஸ்டான்ஃபோர்டின் நிலையில் இதற்குள் இன்னொரு சுமையும் உண்டு. 2024 ஆகஸ்டில் அது அட்லாண்டிக் கடற்கரை மாநாட்டில் சேர்ந்ததால், கலிஃபோர்னியாவிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பறந்து ஆட வேண்டும். அங்கே கல்வியாண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், மற்ற பல்கலைக்கழக மாணவியர் தேர்வெல்லாம் முடித்துவிட்டு மே மாதப் போட்டிக்கு வரும்போது, ஸ்டான்ஃபோர்டு மாணவியர் ஜூன் தேர்வுக்கான பாடப்புத்தகங்களோடு விடுதி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் அந்த நேரத்துக்கும் அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும்.

மகளிர் அணிகளுக்குப் பெண்கள்தான் பயிற்சியாளர்களாக இருக்கிறார்களா?

இல்லை. இது பலரும் அறியாத, அறிய வேண்டிய செய்தி. 1972-க்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அந்தப் பதவிகளில் பணமோ மதிப்போ அப்போது இல்லை. சட்டம் வந்து பணமும் மதிப்பும் சேர்ந்ததும் ஆண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள், இன்று பாதிக்கும் குறைவான பதவிகளே பெண்களிடம் இருக்கின்றன. மாணவியருக்கு வாய்ப்பைத் திறந்துவிட்ட அதே சட்டத்தின் பின்விளைவாகப் பயிற்சியாளர் பதவிகளில் பெண்கள் குறைந்துபோனார்கள்.

நல்ல ஆண் பயிற்சியாளர்கள் பலர் இருக்கிறார்கள், இந்தப் பக்கத்திலேயே சிலரைப் பாராட்டியிருக்கிறேன். ஆனாலும் ஃபரூட், சாம்ப்ராஸ் வெப்ஸ்டர் போன்றவர்கள் அந்த இடத்துக்கு வந்தது தற்செயலான அலங்காரம் அல்ல. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தான் ஆடும் அதே மைதானத்தில் முன்பு ஆடி, அதே வளாகத்தில் படித்து, இருபதாண்டுக்கும் மேல் அதே பொறுப்பில் இருக்கும் ஒரு பெண்ணை நாள்தோறும் பார்க்கிறாள். இந்தத் தொழில் தனக்கும் உண்டு என்ற எண்ணம் அவளுக்கு அப்படித்தான் வருகிறது. வார இறுதிகள் முழுவதும் பயணத்தில் போகும் இந்தப் பணியில், குழந்தை பிறந்த பிறகும் பெண்கள் தொடர வேண்டுமானால் பல்கலைக்கழகங்கள் பயணக் காலக் குழந்தைப் பராமரிப்புக்குச் செலவு ஏற்க வேண்டும். உதவிப் பயிற்சியாளர் நிலையிலேயே பெண்கள் விலகிவிட்டால், தலைமைப் பதவிக்கு விண்ணப்பிக்க ஆளே இருக்கமாட்டார்கள்.

சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் எப்படி?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெரிய வேறுபாடு உண்டு. பெரிய மாநாடுகளில் இருப்பவர்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தமும், தேசியப் போட்டிக்குத் தகுதிபெற்றால் ஊக்கத்தொகையும் கிடைக்கும். சிறிய இடங்களில் ஒருவரே ஆடவர், மகளிர் இரு அணிகளையும் பார்த்துக்கொள்வார். பாதுகாப்பைப் பொறுத்தவரை, தோல்வியைவிட அணியே மூடப்படுவதுதான் பெரிய அச்சம். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மின்னசோட்டா, ஐயோவா பல்கலைக்கழகங்கள் ஆடவர் டென்னிஸ் அணியை நிறுத்த முடிவெடுத்தன. மகளிர் அணிகளுக்குச் சட்டத்தின் அரண் ஓரளவு இருக்கிறது, முழுமையாக அல்ல.

மாணவியர் தொழில்முறைக்குப் போவதைப் பயிற்சியாளர்கள் விரும்புகிறார்களா?

முன்பு இதில் இழுபறி இருந்தது. இப்போது பெரும்பாலோர் வெளிப்படையாக ஆதரிக்கிறார்கள். வர்ஜீனியாவில் படிப்பை முடித்த காலின்ஸ் 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை சென்றார். யு.சி.எல்.ஏ.-யின் 2014 பட்ட அணியில் ஆடிய ஜெனிஃபர் பிரேடி 2021-இல் அதே இறுதியை எட்டினார். எம்மா நவாரோ 2021-இல் முதலாண்டிலேயே வர்ஜீனியாவுக்காக ஒற்றையர் தேசியப் பட்டம் வென்று, இரண்டாம் ஆண்டோடு தொழில்முறைக்குப் போனார். கல்லூரிக்குப் போனால் ஆட்டம் முடிந்தது என்ற பழைய எண்ணத்தை இவர்கள் மாற்றிவிட்டார்கள். ஆள் சேர்க்கும்போது பயிற்சியாளர்கள் முதலில் சொல்வது இந்தப் பெயர்களைத்தான்.

பரிசுத்தொகை விதிகள் மட்டும் நெடுங்காலம் தலைவலியாக இருந்தன. நார்த் கரோலைனா அணிக்காக ஆடிய ரீஸ் பிரான்ட்மையர், கல்லூரியில் ஆடும் தகுதிக்காக 2021 யு.எஸ். ஓபன் பரிசுத்தொகையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் அவர் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். விடுமுறையில் போட்டிக்குப் போகும் மாணவி எந்தச் செலவுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும் என்பதைக்கூடப் பயிற்சியாளர் முன்னதாகவே விதிகளைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவிலிருந்து ஒரு மாணவி இந்த அணிகளில் சேர முடியுமா?

முடியும், சேர்ந்தும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தின் சஹஜா யமலப்பள்ளி டெக்சாஸில் உள்ள சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். தலைமைப் பயிற்சியாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். நடுவில் முகவர் யாரும் தேவையில்லை. வெட்டி ஒட்டப்பட்ட சிறந்த அடிகளின் தொகுப்பை மட்டும் அனுப்பாமல், ஒரு முழு செட்டின் காணொளியையும் அனுப்புவது நல்லது. தவறு செய்த பின் அடுத்த புள்ளியை எப்படி ஆடுகிறீர்கள் என்பதைத்தான் அவர் தேடுவார். பள்ளி மதிப்பெண், யு.டி.ஆர். மதிப்பெண், பட்டப்படிப்பில் எந்தத் துறை வேண்டும் என்பது ஆகிய மூன்றும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். கடிதத்தைப் பெற்றோர் எழுதக் கூடாது, மாணவியே எழுத வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்புபவர் எங்கே தொடங்கலாம்?

ஆடும் காலத்திலேயே தொடங்கலாம். காயத்தால் ஆட முடியாத வாரத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று எந்த மைதானத்துக்கு எப்போது போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற பிறகு பெரிய அணியில் மூன்றாவது பயிற்சியாளராகச் சேர்வதா, இரண்டாம், மூன்றாம் பிரிவில் சிறிய அணியில் முழுப் பொறுப்போடு சேர்வதா என்ற கேள்வி வரும். முன்னதில் ஆள் சேர்க்கும் வலைப்பின்னல் கிடைக்கும். பின்னதில் பேருந்து ஓட்டுவது முதல் பட்டியல் எழுதுவது வரை எல்லா முடிவும் உங்களுடையது, தோற்ற மாலையில் ஆறு பேரிடமும் தனித்தனியே பேச வேண்டியவரும் நீங்களே. என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன். ஐ.டி.ஏ. நடத்தும் ஆண்டுக் கூட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் பலரையும் ஒரே இடத்தில் சந்திக்கலாம், பணியிடம் காலியாகும் செய்தி விளம்பரத்துக்கு முன்பே அங்கே காதில் விழும்.